ஆறு வலது கால்களும் ஒரு நேர் விமானமும்

விதி இப்படிச் சொல்கிறது: "ஓர் அயல்நாட்டு நகரத்துக்கு இந்தியாவிலிருந்து நேர் விமானம் இருக்கும்போது, வேறொரு நாட்டில் இறங்கி மாறிச் செல்லும் விமானத்தில் ஊழியருக்கு இடம் பதியக் கூடாது. விலக்கு தேவைப்பட்டால் தலைமை அலுவலகப் பயணப் பிரிவின் எழுத்து மூலமான அனுமதியை முன்னதாகப் பெற வேண்டும்."

நல்ல விதிதான். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் ஷிப்பிங் மேலாளராக இருந்த காலமெல்லாம் நானே இதைப் பல பேருக்கு எடுத்துக் காட்டி, அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாறிப் போகிற விமானத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மாறுகிற ஊரில் மாமியார் வீட்டுக்குப் போனதுபோல் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்த ஒரு மார்க்கெட்டிங் அதிகாரியின் புண்ணியத்தில் பிறந்த விதி. பெரும்பாலான விதிகளுக்கு இப்படி ஒரு தகப்பன் இருப்பான்.

இந்த விதி பொருந்தியிருக்க வேண்டிய ஒரு நாளில் என்ன நடந்தது என்பதை, என் பழைய மேஜையில் இப்போது புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். ஷிப்பிங் பில் போடுவது, இன்வாய்ஸ் தயாரிப்பது இதெல்லாம் கம்ப்யூட்டரே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். சென்னையிலிருந்து இன்ன ஊருக்குத் தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று கேட்டாலும் கண்ணிமைப்பதற்குள் இரண்டு எண்களைக் கொடுக்கும். அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மட்டும் கொடுக்காது. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

போகிக்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை. காலையில் வந்து மெயிலைத் திறந்தால் வான்கூவரிலிருந்து ஒரு கடிதம். கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர் அது. பனிக்கால பூட்ஸ் வாங்குகிற கம்பெனி. நாங்கள் அனுப்பிய மாதிரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை காலை ஆறு பேர் ஒரு பனிமலையில் ஏறி நடக்க வேண்டும். நடந்துவிட்டுச் சரி என்று சொன்னால்தான் அடுத்த குளிர்காலத்து ஆர்டர் நமக்கு. இல்லையென்றால் வேறு நாட்டில் வேறு தொழிற்சாலை காத்திருக்கிறது. மலைக்கு முன்பதிவு ஆகிவிட்டது, தேதியை மாற்ற முடியாது.

கடிதம் சுருக்கமாக இருந்தது. "நீங்கள் அனுப்பிய ஆறு பூட்ஸும் வந்து சேர்ந்தன. ஆறும் இடது கால். எங்கள் பரிசோதகர்கள் எல்லோருக்கும் இரண்டிரண்டு கால்கள் இருக்கின்றன என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

வெளியூர்க்காரர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று புரியாது. நம் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஷூ சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான். ஜோடியாக அனுப்பினால் அது விற்கக்கூடிய சரக்கு. யாராவது வழியில் எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடலாம், அந்த ஊர் சுங்கமும் வரி கேட்கும். ஒற்றைக் காலை யாரும் திருட மாட்டார்கள், வரியும் கேட்க மாட்டார்கள். அதனால் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை, சாம்பிள் என்று காதில் விழுந்தால் கை தானாக இடது காலுக்குப் போகும்.

டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் சம்பத்தைக் கூப்பிட்டேன். குடியாத்தத்துக்காரர். மெயிலைப் படித்துக் காட்டினேன்.

"இன்னா சார், சாம்பிள்னா எடது கால்தானே? இன்னிக்கா அனுப்பறோம்?"

"இது கால்ல மாட்டி நடந்து பாக்குற சாம்பிள், சம்பத்."

"அத ஒருத்தரும் சொல்லலியே சார். சீட்டுல சாம்பிள்னுதான் போட்டிருந்திச்சு. நானா அவங்களுக்கு ரெண்டு கால் இருக்குமா இன்னான்னு யோசிச்சிக்கினு இருப்பேன்?"

அவர் சொன்னது நியாயம். டெஸ்பாட்ச் விதிப் புத்தகத்தில் "மாதிரிகள் இடது கால் மட்டும்" என்று எழுதியிருக்கிறது. அந்த வாரம் கம்பெனியில் விதிப்படி நடந்த ஒரே ஆள் சம்பத்தான்.

"வலது கால் எல்லாம் எங்க?"

"சாம்பிள் ரூம்ல மேல் தட்டுல பத்திரமா இருக்குது சார். எங்க போய்டும், ஒத்தக்காலு?"

இதற்குள் கிரேஸ் வந்துவிட்டாள். நான்காவது தையல் லைனின் குவாலிட்டி இன்சார்ஜ், வேலூர் பாகாயத்துப் பெண். அந்த லைனே அவள் கேட்டு வாங்கியது. பனிக்கால பூட்ஸ் நம் வெயில் ஊரில் தைக்க முடியாது என்று எல்லோரும் சொன்னபோது, முடியும் என்று எம்.டி.யின் அறையில் நின்று வாதாடியவள். குடியாத்தம் பக்கத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த பெண்களைச் சேர்த்து, அவளே உட்கார்ந்து தையல் பழக்கினாள். கம்பெனி பஸ் முழுக்க அவர்கள்தான் வருவார்கள். வான்கூவர் ஆர்டர் இல்லையென்றால் அந்த லைனுக்கு வேறு வேலை கிடையாது. அப்படி நேர்ந்தால் பொங்கல் விடுமுறையோடு லைனை நிறுத்திவிடுவது என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது.

அவள் மெயிலை இரண்டு முறை படித்தாள்.

"பொங்கலுக்குப் போய்ட்டு வாங்கன்னு இப்பத்தான் சார் எல்லாருக்கும் சொல்லிட்டு வர்றேன். ஒரு பொண்ணு எனக்குக் கரும்பு கொண்டாரேன்னு சொல்லிட்டுப் போகுது. திரும்பி வர வேணாம்னு போன்ல சொல்ற வேலைய என் தலைல கட்டிடாதீங்க."

"உன் பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"வீட்ல."

"போன வருஷம் வாங்கின கனடா விசா?"

"இன்னும் இருக்கு சார்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னாத்துக்கு?"

கூரியர் என்கிற பேச்சுக்கே இடமில்லை. இடது கால்கள் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆள் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கம்பெனியில் கனடா விசா இருந்தது எம்.டி.க்கும் கிரேஸுக்கும் மட்டும். எம்.டி. குடும்பத்தோடு வெளிநாட்டில் இருந்தார், வேறு திசையில்.

ஆக, கேள்வி ஒன்றுதான். சென்னையிலிருந்து வான்கூவருக்கு எந்த வழி?

கணக்குப் பிரிவு மேலாளர் பத்மநாபனின் அறைக்குப் போனேன். டிக்கெட்டுக்கு அவர் கையெழுத்து வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனிதர். அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் உலகப் படம் மாட்டியிருக்கும். அதில் வான்கூவர் இடது ஓரத்தில், சுவரின் விரிசலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

"டெல்லிலேருந்து டைரக்ட் இருக்கே சார்," என்றார், கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி. "இன்னிக்கு சாயந்தரம் டெல்லி போய்ட்டா, விடியக்காலம் அங்கேருந்து கிளம்பி நேரா வான்கூவர். தூரமும் கம்மி, நேரமும் கம்மி. ரூலும் அதைத்தான் சொல்லுது. உங்களுக்கா நான் ரூல் சொல்லணும்?"

"நான் ஹாங்காங் வழியா அனுப்பப் போறேன்."

அவர் சுவரில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். ஹாங்காங் வலது பக்கம். கனடா இடது பக்கம். என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. நான் அப்போது ஓய்வு பெற இருந்தேன், வயதைக் காரணமாக நினைத்திருப்பார்.

"கிழக்கே போனா கனடா எப்படி சார் வரும்?"

எம்.டி.யின் அறையில், ஒரு வாடிக்கையாளர் பரிசாகக் கொடுத்த பூகோள உருண்டை ஒன்று தூசி படிந்து இருந்தது. அதை எடுத்துவரச் சொன்னேன். சாம்பிள் ரூமிலிருந்து ஒரு வலது காலும் வந்தது. அதிலிருந்து லேஸை உருவி, ஒரு முனையைச் சென்னையில் வைத்து, மறுமுனையை வான்கூவரில் வைத்து இழுத்துப் பிடித்தேன். இழுத்துப் பிடித்த லேஸ் பொய் சொல்லாது. அது ஆந்திரக் கரையைத் தொட்டு, திபெத், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று உலகத்தின் தலைமேல் ஏறி இறங்கியது. பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். டெல்லி அந்த லேஸுக்கு இடது பக்கம், ஹாங்காங் வலது பக்கம். டெல்லியைத் தொட்டுக்கொண்டு போனால் லேஸ் கொஞ்சம்தான் நீளும். ஹாங்காங்கைத் தொட்டுப் போனால் அதைவிட ஒரு கட்டைவிரல் அகலம் கூடுதல்.

"அப்ப டெல்லிதானே கிட்ட?" என்றார் பத்மநாபன். லேஸை அவரும் பிடித்துப் பார்த்தார்.

"கிட்டதான். நான் இல்லன்னு சொல்லல."

"அப்புறம்?"

"டைரக்ட்னு போட்டிருக்கே, அதுக்கு நிக்காம போகும்னு அர்த்தம் இல்ல. ஒரே நம்பர்ல போகும்னு அர்த்தம்."

வேலூரிலிருந்து சென்னைக்கு நேர் பஸ் என்று போர்டு வைத்திருப்பார்கள். அது ராணிப்பேட்டைக்குள்ளும் வாலாஜாவுக்குள்ளும் காஞ்சிபுரத்துக்குள்ளும் போய்த் தலைகாட்டிவிட்டுத்தான் சென்னை சேரும். நேர் என்றால் நீங்கள் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டாம், அவ்வளவுதான். விமானத்திலும் அப்படியே. அந்தச் சமயத்தில் பக்கத்து நாட்டு வானம் நம் விமானங்களுக்கு மூடியிருந்தது. டெல்லியிலிருந்து போகிற நெடுந்தூர விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. சில வழியில் எண்ணெய் நிரப்ப இறங்கின. கம்ப்யூட்டரில் இருந்த தூரம் காக்கை நேராகப் பறக்கிற தூரம். விமானம் பறப்பது அரசாங்கங்கள் விடுகிற வழியில்.

பத்மநாபன் அசைந்துகொடுக்கவில்லை. என் ஹாங்காங் டிக்கெட்டின் விவரத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"புதன்கிழமை ஒன்றரைக்குச் சென்னைல கிளம்புது. அதே புதன்கிழமை காலை ஒம்போதுக்கு வான்கூவர்ல இறங்குது. ஏழரை மணி நேரம்தான் ஆவுது. இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்கு வாதாடப் போறேன்?"

ஆம்பூரிலிருந்து டிராஃபிக்கில் மாட்டினால் சென்னைக்கே அதில் பாதிக்கு மேல் ஆகிவிடும். ஏழரை மணி நேரத்தில் கனடா.

"சார், ஒன்றரை நம்ம ஊர் மணி. ஒம்போது அவங்க ஊர் மணி. நடுவுல பதிமூணரை மணி நேரம் ஒளிஞ்சிருக்கு. மொத்தம் இருபத்தோரு மணி நேரம்."

"ஒரு நாள் லாபம்னு சொல்றாங்களே?"

"தேதி லாபம். உடம்புக்குக் கெடையாது."

"அப்ப நான் சொன்ன ஏழரை?"

"அது ஏழரைதான்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த அறையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

நீங்கள் இதைச் செய்துவிடாதீர்கள். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு மணிகளைக் கழித்துப் பயண நேரம் சொல்லாதீர்கள். டிக்கெட்டில் ஒவ்வொரு மணியும் அந்தந்த ஊர்க்காரனின் கைக்கடிகாரம்.

ஆனால் இருபத்தோரு மணி என்பதும் முழு உண்மை இல்லை. எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் வாய் அதிகம் திறக்காதவர். யாராவது ஓடி வந்து, சார் இந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று சொன்னால், தலையைக்கூடத் தூக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதை விட்டா அடுத்தது எப்போ?" பதில் தெரியாதவன் திரும்பிப் போய்விட வேண்டியதுதான். அவரிடம் நான் கற்றது அந்தக் கேள்வி மட்டும்தான். மற்றதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருந்தது.

டெல்லியிலிருந்து வான்கூவருக்கு நாளொன்றுக்கு ஒரே விமானம். மார்கழிக் கடைசியில் டெல்லி விடியற்காலை என்றால் மூடுபனி. அந்த ஒன்றை விட்டால் அடுத்தது மறுநாள், அது போய் இறங்குவதற்குள் வியாழக்கிழமை மலையேற்றம் தொடங்கிவிடும். ஹாங்காங்கிலிருந்து வான்கூவருக்குப் புதன்கிழமை மட்டும் மூன்று. மதியம் ஒன்று, மாலை ஒன்று, இரவு ஒன்று. கடைசி விமானத்தில் போனாலும் புதன்கிழமை ராத்திரிக்குள் இறங்கிவிடலாம். தவிர, நம் பக்கத்து ஆட்கள் தோல் கண்காட்சிக்காக வருடா வருடம் போய் வருகிற ஊர் ஹாங்காங். கிரேஸே இரண்டு முறை போயிருக்கிறாள். எந்தப் படிக்கட்டில் ஏறினால் எந்த வாசல் என்று அவளுக்குத் தெரியும்.

நான் டெல்லியை ஒதுக்கியது தூரத்துக்காகவும் இல்லை, நேரத்துக்காகவும் இல்லை. தவறினால் எழுந்து நிற்க அங்கே இடமில்லை.

"எல்லாம் சரி சார். ரூல்?" என்றார் பத்மநாபன். "ஆடிட்ல என்னைக் கேப்பாங்க."

விலக்கு கேட்டுத் தலைமை அலுவலகப் பயணப் பிரிவுக்கு அவர் முன்னாலேயே மெயில் அனுப்பினேன். காரணங்களை வரிசையாக எழுதி, மிக அவசரம் என்று தலைப்பிட்டு. உடனே பதில் வந்தது. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று தானாக வருகிற பதில். மறுநாளிலிருந்து பொங்கல் விடுமுறை.

விதியைக் கரைத்துக் குடித்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அது எங்கே முடிகிறது என்பதும் தெரியும். பயண விதி "ஊழியரின் பயணத்துக்கு" உரியது. டெஸ்பாட்ச் விதியில், பின்பக்கத்தில், எல்லோரும் மறந்துபோன ஒரு பத்தி இருக்கிறது: "அவசரச் சரக்குடன் துணையாக ஆள் செல்ல நேர்ந்தால், அவருக்கான இருக்கை சரக்குச் செலவில் சேரும். சரக்கின் வழியைத் தீர்மானிப்பது ஷிப்பிங் மேலாளரின் பொறுப்பு." நான் புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தில் விரலை வைத்தேன்.

"கிரேஸ் பயணம் போகல சார். ஆறு வலது கால் போகுது. அதுங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் போகுது."

பத்மநாபன் அந்தப் பத்தியை வாய்விட்டு ஒருமுறை படித்தார். பேனாவை எடுத்தார். "நீங்க ரிட்டையர் ஆவுறது கம்பெனிக்கு நல்லதா கெட்டதான்னே புரியல," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இனி சம்பத். ஆறு பூட்ஸையும் அழகாகப் பெட்டியில் போட்டு, பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டிக் கொண்டுவந்து வைத்தார். செய்த தப்புக்கு ஈடாகக் கூடுதல் டேப்.

"எல்லாத்தையும் பிரிங்க, சம்பத்."

"இன்னா சார் பேஜாரு. இப்பத்தானே கட்டினேன்."

"கேபின்ல கையோட போகணும். பெட்டிய உள்ள போட்டுட்டா, இவ ஒரு பிளேன்லயும் பெட்டி ஒரு பிளேன்லயும் போகும்."

அட்டைகள் போயின. பூட்ஸ்கள் ஒன்றோடொன்று தலைகீழாகப் பொருந்தி, நான்கு ஒரு சக்கரப் பையிலும் இரண்டு கிரேஸின் முதுகுப் பையிலும் அடங்கின. வீட்டிலிருந்து பாஸ்போர்ட்டோடு அவள் எடுத்து வந்த மாற்றுடை பூட்ஸின் கழுத்துக்குள் போனது. எல்லா அடிப்பாகத்திலும் "மாதிரி, விற்பனைக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருக்கிறதா என்று நானே பார்த்தேன்.

"ஸ்வெட்டர் இருக்காம்மா?"

"பாகாயத்துல ஸ்வெட்டரா சார்? சர்ச்சுக்குப் போட்டுக்கினு போறது ஒண்ணு இருக்கு."

"அங்க மலைமேல நிக்கணும்."

"நம்ம பூட்ஸ் இருக்கே," என்றாள்.

சாயங்காலம் கம்பெனி காரில் கிளம்பினாள். பண்டிகைக்கு ஊர் திரும்புகிற கூட்டம் சென்னையிலிருந்து நம் பக்கம் வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் சுங்கச்சாவடியில் வண்டிகள் மூச்சு முட்டி நின்றன. சென்னைக்குள் போகிற பக்கம் ரோடு காலி. பண்டிகை நாளில் எந்தத் திசையில் ஊர் நகர்கிறது என்று பார்ப்பதும் நம் தொழில்தான்.

போகி காலை. எங்கள் தெருவில் பழைய பாய், தலையணை, கிழிந்த கூடை எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. கண் எரிய எழுந்து போனைப் பார்த்தேன். கிரேஸிடமிருந்து மூன்று செய்திகள். முதலாவது: "வர வேண்டிய பிளேனே வரல சார்." இரண்டாவது: "ஏறிட்டோம். நகரல." மூன்றாவது: "வெளில புகை மாதிரி தெரியுது. என்னா சார் இது?"

என்னவென்று எனக்குத் தெரியும். போகியன்று விடிகிற நேரத்தில் சென்னை முழுக்க எரிவது மூடுபனியோடு சேர்ந்து ஓடுபாதையில் இறங்கும். பல வருடங்களாகப் பார்க்கிற காட்சி. அதனால்தான் ஏழு மணி விமானத்தை விட்டுவிட்டு ஒன்றரை மணி விமானத்தை எடுத்தேன். அதுவே தாமதமானால் நான் என்ன செய்வது? டெல்லிப் பனிக்குப் பயந்து ஓடியவன் சென்னைப் புகையில் விழுந்தான் என்று பத்மநாபன் சொல்லப்போவது காதில் கேட்டது. அவர் சொல்வது போகட்டும். பஸ் நிறைய பெண்களுக்கு யார் போன் செய்வது?

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற செயலி ஒன்று போனில் வைத்திருந்தேன். திறந்தேன். வங்கக் கடலுக்கு மேலே, கிழக்குப் பார்த்து, ஒரு சின்ன மஞ்சள் விமானம். ஐந்து மணி வாக்கில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஏற வேண்டியவை தரையிலேயே நிற்பதாகவும், இறங்க வேண்டியவை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பப்பட்டதாகவும் டிவியில் சொன்னார்கள். புகைக்கும் அவளுக்கும் நடந்த ஓட்டத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். நான் வெளியே போய், வீட்டில் கிடந்த ஒரு பழைய முறத்தைத் தெரு நெருப்பில் போட்டேன்.

காலை பத்தரை வாக்கில் அவளே போன் செய்தாள். ஹாங்காங்.

"போய்டிச்சு சார். எதிர்லயே கதவ சாத்துனாங்க."

"அடுத்தது எப்போ?"

"சாயந்தரம். ஆனா ஃபுல்லாம். எங்க பிளேன்ல வந்த கொஞ்ச பேரு க்யூல நிக்கிறாங்க. எல்லாரும் வான்கூவர்தான். ஒரு சீட்டு, ரெண்டு சீட்டு வந்தாதான் உண்டாம். இல்லன்னா ராத்திரி."

"கவுன்ட்டர்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லு. உள்ள போட்ட பெட்டி எனக்குக் கிடையாதுன்னு சொல்லு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

போனை அணைக்காமல் வைத்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில் அதைச் சொல்வதும், எதிரே இருந்த பெண் ஏதோ தட்டுவதும் கேட்டது. மற்றவர்களின் பெட்டிகள் சென்னை விமானத்திலிருந்து இறக்கப்பட்டு, தேடப்பட்டு, மாற்றப்பட வேண்டும். அது முடியும்வரை அவர்களை வேறு விமானத்தில் ஏற்ற முடியாது. கையில் இருப்பதே மொத்தம் என்கிற ஆளை எந்த நிமிடமும் எந்த இடத்திலும் உட்கார வைக்கலாம். வராமல் போன ஒருவரின் இருக்கை அவளுக்குக் கிடைத்தது.

"சார்," என்றாள் கிரேஸ் மறுபடியும் போனில். "சம்பத் அண்ணன்கிட்ட சொல்லுங்க, டேப்ப பிரிச்சது வீண் போகல."

அன்று மதியம் பத்மநாபன் வீட்டிலிருந்து போன் செய்தார். போகியன்று அவர் என்னை அழைத்தது அதுவே முதல் தடவை.

"டெல்லி பிளேன் பாத்தீங்களா?"

"இல்ல." பார்த்திருந்தேன்.

"பனி. இன்னும் தரைலயே நிக்குது. நாளைக்குத்தான் கிளம்புமாம்." பிறகு கேட்டார்: "அந்த லேஸ எங்க சார் வச்சீங்க? பூட்ஸுல திரும்ப மாட்டினீங்களா?"

எனக்கு ஒரு நொடி உயிர் போனது. பிறகு நினைவு வந்தது. கிரேஸே என் கையிலிருந்து பிடுங்கி மாட்டியிருந்தாள்.

வான்கூவரில் சுங்க அதிகாரி பைகளைத் திறக்கச் சொன்ன கதையை அவள் திரும்பி வந்து சொன்னாள். அவர் ஒரு பூட்ஸை எடுத்தார். வலது கால். இன்னொன்றை எடுத்தார். வலது கால். ஆறையும் வரிசையாக வைத்துவிட்டு, உங்கள் நாட்டில் இடது கால்கள் என்ன ஆயின என்று கேட்டாராம்.

"இடது கால் எல்லாம் போன வாரமே வந்துடிச்சுன்னேன் சார். நாங்க ஒவ்வொரு காலா எடுத்து வச்சி நடக்கறவங்கன்னும் சொன்னேன். சிரிச்சிட்டு முத்திரையப் பாத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு."

மாட்டுப் பொங்கல் காலை ஒரு படம் வந்தது. வெள்ளையாக ஒரு மலைச்சரிவு. ஆறு பேர் வரிசையாக நின்று ஒரு காலை முன்னால் வைத்திருந்தார்கள். எல்லோரும் இடது காலை. கடைசியில் சர்ச்சுக்குப் போடுகிற ஸ்வெட்டரோடு கிரேஸ், கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றாள். படத்துக்குக் கீழே வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: ஈரம் உள்ளே போகவில்லை, வழுக்கவில்லை, தையல் பிரியவில்லை. ஆர்டர் உறுதி. உங்கள் பெண்மணியை ஏதாவது சூடாகச் சாப்பிட வைத்திருக்கிறோம்.

அந்தப் படத்தை நான் பத்மநாபனுக்கு அனுப்பினேன். அவர் சம்பத்துக்கு அனுப்பினார். சம்பத் யார் யாருக்கு அனுப்பினாரோ, மாலைக்குள் குடியாத்தத்தில் அந்தப் பெண்களில் பாதிப் பேர் வான்கூவர் பனியைப் பார்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வழக்கம்போல் வந்தது. ஒருத்தி கரும்போடு இறங்கினாள். நான்காவது லைனில் மோட்டார்களைப் போடுகிற சத்தம் என் மேஜைவரை கேட்டது. அத்தனை வருடத்தில் நான் அந்தச் சத்தத்தை எழுந்து போய் நின்று கேட்டது அன்றைக்கு மட்டும்தான். கிரேஸ் அப்போது இன்னும் விமானத்தில் இருந்தாள். அவள் சார்பில் கரும்பை நான் வாங்கி வைத்தேன்.

டெஸ்பாட்ச் விதியில் இப்போது "மாதிரிகள் இடது கால் மட்டும்; நடந்து பார்க்கும் மாதிரிகள் இரண்டு காலும்" என்று திருத்தியிருக்கிறார்கள். திருத்தத்தின் தகப்பன் சம்பத். அவருக்கு அதில் பெருமைதான். பத்மநாபனின் அறையில் உலகப் படத்தை எடுத்துவிட்டார்கள். எம்.டி.யின் உருண்டை அங்கே இருக்கிறது. யாராவது வெளிநாட்டு டிக்கெட்டுக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனால், அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு லேஸை எடுத்து முதலில் அளக்கிறார். அப்புறம், அடுத்தது எப்போது என்று கேட்கிறாராம். நீங்கள் அவரிடம் போகும்போது பதிலோடு போங்கள்.

நான்காவது லைனின் முதல் கன்டெய்னர், முழு ஜோடிகளாக, பங்குனியில் சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அது கடலில் இருந்தபோது, நான் விலக்கு கேட்டு அனுப்பிய மெயிலுக்குத் தலைமை அலுவலகப் பயணப் பிரிவிலிருந்து பதில் வந்தது. கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது என்றும், குறிப்பிட்ட நகரத்துக்கு டெல்லியிலிருந்து நேர் விமானம் இருப்பதால் விலக்கு அளிக்க இயலாது என்றும், அவசரம் கருதிப் பயணியை அந்த விமானத்திலேயே உடனே அனுப்பிவைக்கும்படியும் எழுதியிருந்தார்கள். நிதியாண்டு முடிந்து நிலுவைகளையெல்லாம் தீர்க்கிற சமயம், அதில் என்னுடையதும் தீர்ந்திருக்கிறது. அச்செடுத்துக் கோப்பில் வைக்கும்போது, வழக்கப்படி மேல் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன்: ஏப்ரல் ஒன்று.